சொல்வதற்கு ஒரு பாவம்

மார்ச் 3, செவ்வாய்
பெயர் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு எனக்கு ஞானஸ்நானம். தெளிப்பு இல்லை, முழு முழுக்கு. அலுவலகத்தில் ஒரு கோப்பின் எண்ணைத் தப்பாக எழுதினேன், சிரித்தேன், மறுபடியும் தப்பாக எழுதினேன்.

மார்ச் 6, வெள்ளி
சபையில் முதல் வகுப்பு. லாரி ஓட்டும் அண்ணன், பிரசவ வார்டு நர்ஸ் அக்கா, நான். நாங்கள் முழுகப்போகும் தொட்டித் தண்ணீர் ஒரு கல்லறை என்றார் பாஸ்டர். பழைய ஆள் அதில் புதைந்து புது ஆள் எழுந்து வருகிறார். “கருவறைன்னும் சொல்லலாம் பாஸ்டர். புள்ள தண்ணியில இருந்துதானே வருது” என்றார் அக்கா. பாஸ்டர் அதைக் குறித்துக்கொண்டார்.
முழுகுமுன் ஆளுக்கு இரண்டு நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். எதிலிருந்து கழுவப்பட வந்திருக்கிறோம் என்று. அதுவும் மைக்கில். எனக்குப் பெயர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 8, ஞாயிறு
லாரி அண்ணனுக்குக் குடி, அடிதடி, ஒரு வாரம் லாக்கப். வகுப்பில் சொல்லிப் பார்த்தபோதே நர்ஸ் அக்கா அழுதுவிட்டார். எனக்கு என்ன இருக்கிறது? தம்பியிடம் திருடிய சாக்லேட். திருப்பித் தராத நூலகப் புத்தகம். பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் விடையை எட்டிப் பார்த்தது — அதுவும் தப்பு விடை. பாவத்திலும் நான் பாஸ் மார்க்தான்.
தம்பியிடம் புலம்பினேன். “வேணும்னா என்னோட பாவத்துல ரெண்டு எடுத்துக்கோ” என்றான்.

மார்ச் 11, புதன்
வாளித் தண்ணீரில் முகம் புதைத்து மூச்சடக்கிப் பழகினேன். பதினேழு எண்ணும்போது சிரிப்பு வந்து தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. குளியலறைக்கு வெளியே அம்மா: “உள்ள என்ன எருமையா குளிக்குது?”

மார்ச் 14, சனி
ஞானஸ்நானத் தொட்டியைக் கழுவ சபையில் ஆள் கூப்பிட்டார்கள். அந்த ஆள் என் அப்பா. மாடித் தொட்டிகளுக்குள் இறங்கிச் சேறு வழிப்பதுதான் அவர் தொழில். நான் குழாய் பிடித்தேன்.
“உங்க பாவமெல்லாம் இதுலதான் தங்குமாமே. அப்புறம் சுரண்டப்போறது நான்தானே” என்றார் உள்ளேயிருந்து.
விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.
கல்லூரியில் மூன்று வருடம் அப்பாவை என்ஜினீயர் என்று சொல்லியிருக்கிறேன். அது ஏன் என் நினைவுக்கே வரவில்லை?

மார்ச் 15, ஞாயிறு
இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாரே. சொல்லாமல் சாக்லேட்டோடு முழுகினால்? அது வெறும் குளியல்.

மார்ச் 21, சனி
வெள்ளை அங்கி வந்தது. எனக்கும் இன்னொருத்திக்கும் இடம் இருக்கிறது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சுற்றினேன், தலை கிறுகிறுக்கும்வரை. பயமா சந்தோஷமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு
சொல்லிட்டேன். “எங்கப்பா தொட்டி கழுவுறவரு. காலேஜ்ல என்ஜினீயர்னு சொன்னேன். வெட்கப்பட்டுச் சொன்னேன்.” அதுக்கு மேல வரல. அவர் பக்கம் பார்க்கவும் முடியல.
முழுகி எழுந்தபோது விக்கல் பிடித்துக்கொண்டது. பாஸ்டரின் ஆமெனைவிடச் சத்தமாக. சபையே சிரித்தது, நானும். உடம்பில் எடையே இல்லை, ஈர அங்கியின் எடைதான்.
வீடு வந்ததும் அப்பா பூட்ஸைக் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 23, திங்கள்
காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: “ரெண்டு வருஷம் முன்ன உன் கூடப் படிச்ச புள்ள ஒண்ணு போன் பண்ணுச்சு. என்ஜினீயர் சாரான்னு கேட்டுச்சு.”
பையைக் கீழே வைத்தேன். “நீங்க என்ன சொன்னீங்க?”
“ஆமாம்மா, மீட்டிங்ல இருக்கேன்னேன்.”
“எங்க இருந்தீங்கப்பா?”
“தொட்டிக்குள்ளதான். குரல் எதிரொலிச்சுது பாரு, பெரிய ஹால்னு நெனச்சிருக்கும்.”
அவர்தான் முதலில் சிரித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், பஸ்ஸை விட்டேன். இரண்டு வருடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.
அலுவலகத்துக்கு அரை மணி தாமதம். ஏன் என்று மேலாளர் கேட்டார். “எங்கப்பா தொட்டி கழுவுறவரு சார்” என்று ஆரம்பித்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.