பதக்கத்தோடு வந்த மாற்றல்

செம்மேடு, தை 1938

பிரியமானவளுக்கு,

சிறந்த சேவைக்கென்று கலெக்டர் நேற்று இங்கே வந்து என் சட்டையில் பதக்கம் குத்தினார். நீ ஆசைப்பட்ட சேலம் மாற்றலையும் பரிசாக அறிவித்தார்.

உடனே சின்னக்கண்ணுக் கவுண்டர் எழுந்தார். போன மழைக்காலத்தில் அவர் மகனுக்கு நான்தான் வைத்தியம் பார்த்தேன்.

"ஏனுங்க தொரை, டாக்டரு நல்லாப் பார்த்ததுக்கு எங்களுக்கு எதுக்குங்க தண்டனை? வேணும்னா சட்டையில குத்துன வில்லையைத் திருப்பி வாங்கிக்குங்க. ஆளை உட்டுருங்க."

கலெக்டர் சிரித்துவிட்டு, "நீர் என்ன சொல்கிறீர்?" என்று என்னைக் கேட்டார்.

"ஊட்டுக்காரம்மாளைக் கேக்காம அவரு எப்படிங்க சொல்லுவாரு?" என்றாள் கவுண்டர் மனைவி பெருமாயி. கூட்டமே சிரித்தது. கலெக்டர் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

நீ பயந்த மலைக்காய்ச்சல் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. குளிர்தான் அதிகம். இன்று சந்தையில் உனக்கென்று இன்னொரு கம்பளியும் வாங்கிவிட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன்னவன்