ஆயிரத்து மூன்று கோடுகள்

அண்ணா,

இந்த நோட்டைத் திறந்ததும் கிரீஸ் வாசனை அடித்தது. என் பூகோள நோட்டு. முன்பக்கங்களில் காவிரியின் உபநதிகள், கடைசிப் பக்கங்களில் நீ சொல்லி நான் போட்ட கோடுகள். ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கிறது. அதன்மேல் கை படாமல் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு வெளிச்சம் போதுமாக இருக்கிறது. அப்பா அறையில் இருமல் கேட்கும்போதெல்லாம் நோட்டைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

விடிந்ததும் அப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். உன்னோடு கார் கட்டிய லூர்துசாமி அண்ணன்மேல் புகார் எழுதி, மேஜையில் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார். நான் எடுத்துப் படித்துவிட்டேன். 'கியர் மாற்றும் கம்பியை ஒழுங்காகப் பூட்டாத காரணத்தால் என் ஒரே மகன்' என்று தொடங்குகிறது. கேஸ் ஆனால் ரயில்வேயில் அவருடைய பிட்டர் வேலை போய்விடுமாம். ஜெயிலும் உண்டாம். "அவருக்கும் மூணு பொண்ணுங்க இருக்குங்க" என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

"இருக்கட்டுமே. என் புள்ள இருக்கானா?" என்றார் அப்பா.

அந்தப் புகாரில் எழுதியிருப்பது உண்மை இல்லை, அண்ணா. அதைச் சொல்வதானால் நான் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கார் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீலகிரி எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர், பாகங்களைச் சேர்த்துப் பூட்டாமலே விட்டுப்போன கார். நம் அம்மா மண்டபம் ரோட்டு வீட்டு வாசலில் லாரியிலிருந்து மரப்பெட்டிகளாக இறங்கியது. நம் மண்ணச்சநல்லூர் மில்லுக்கு வரவேண்டிய சாமான் என்று நினைத்து அப்பா ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த இரும்புக் குழாய்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கோழிக்கூண்டா?" என்றார். நீ சிரித்தாய். ரேஸுக்கு மட்டும்தான், ரோட்டில் ஓட்ட முடியாது என்று நீ சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக இப்போது தன்னையே திட்டிக்கொள்கிறார்.

ஒரு வருஷம், ஞாயிறுதோறும் லூர்துசாமி அண்ணன் கோயிலில் பூசை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு பொன்மலையிலிருந்து சைக்கிளில் வருவார். ஷெட்டில் அழுக்குச் சட்டைக்கு மாறிக்கொண்டு உன்னோடு காருக்கு அடியில் போய்விடுவார். நான்கு கால்கள் மட்டும் வெளியே தெரியும்.

கார் நன்றாகத்தான் ஓடியது. கியர்தான் தகராறு. பழைய டாக்சியிலிருந்து எடுத்த எஞ்சினும் கியர்ப்பெட்டியும். அதில் கியர் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்குமாம். நீங்கள் அதைத் தரையில் ஒரு நீளக் கம்பியாக மாற்றிவைத்தீர்கள். அது குழம்புச் சட்டியில் கிடக்கும் கரண்டி மாதிரி ஆடியது. அதோடு, கியர்கள் இடம் மாறி விழுந்தன. ஒன்றும் இரண்டும் உன் தொடைப் பக்கம், மூன்றும் நான்கும் அப்பால். ஒரு வருஷத்தில் உன் கைக்கு அதுவே பழகிவிட்டது.

ரேஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது புதுக் கம்பி வந்தது. குட்டையானது. மூட்டுக்கு மூட்டு ஆட்டத்தைத் தடுக்கும் பித்தளை வளையம், புஷ், தானே கடைந்தது என்று லூர்துசாமி அண்ணன் பெருமையாகக் காட்டினார். கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை. இரண்டு விரலால் தொட்டால் 'டக்'கென்று விழுந்தது. கியர்களும் எல்லாக் காரிலும் இருப்பதுபோல மாறின. ஒன்றும் இரண்டும் அப்பால், மூன்றும் நான்கும் தொடைப் பக்கம்.

"வெண்ணெ மாதிரி விழுதுண்ணே!" என்று நீ கத்தினாய்.

அவர் சிரிக்கவில்லை. "அதான் தம்பி பயம். பழசு நாம கேட்டா பத்து தடவ யோசிக்கும். இது யோசிக்காது. கை எங்க தள்ளுதோ அங்க விழுந்துரும். உங்க கைக்கு இன்னும் பழைய பாதைதான் தெரியும்."

"எத்தன தடவ மாத்துனா புதுசு பழகும்?"

"ஆயிரம் தடவ மாத்துங்க. அதுக்கப்புறம் கேளுங்க."

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் எனக்கு ஷெட்டில் வேலை. காரில் உனக்கு மட்டும்தான் சீட். நான் பக்கத்தில் கவிழ்த்த எண்ணெய் டின்னில் உட்கார்ந்து, முழங்கையைக் காரின்மேல் ஊன்றிக்கொண்டு நம்பர் சொல்வேன். நீ கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு கோடு.

"மூணு!"

"போட்டாச்சு, டீச்சரம்மா."

"நாலு!"

"போட்டாச்சு."

"பொய்! ரெண்டுல கெடக்கு. கண்ணத் தொறந்து பாரு."

நீ பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாய். மூன்றிலிருந்து நான்குக்கு வெறுமனே பின்னால் இழுத்தால் போதும். உன் கையோ பழைய ஞாபகத்தில் அப்பால் தள்ளிக்கொண்டே இழுக்கும். நான்கு வராமல் இரண்டு விழும். எப்போதும் அதே இடத்தில்தான் தப்பு. முதல் நாள் பாதிக்குப் பாதி. மூன்றாம் நாள் பத்தில் ஒன்று.

பத்தில் ஒன்று இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அண்ணா. கோடு போட்டவள் நான்தானே.

இரண்டாம் நாளிலிருந்தே நான் கூடுதலாகப் போட ஆரம்பித்தேன். கால் மரத்துப்போனது, கொசு கடித்தது, வீட்டுப்பாடம் இருந்தது. நீ பத்து மாற்றினால் நான் இருபது கோடு போட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், எண்ணவும் இல்லை. கணக்கில் நான் தப்பு செய்ய மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். நான்காம் நாள் பெரிய கோயில் தெப்பம். என் சிநேகிதி வசந்தா வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். நான் மடியில் நோட்டை வைத்து மீதிப் பக்கத்தை வேகமாக நிரப்பினேன்.

"எவ்ளோ ஆச்சு?"

"ஆயிரத்து மூணு."

"மூணு கொசுறா? சரி, போதும். ஓடு, தெப்பம் பாரு. எனக்குப் பொரி உருண்டை வாங்கிட்டு வா."

வாங்கிவந்தேன். நீ லாரியில் காரை ஏற்றிக்கொண்டிருந்தாய். வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு லூர்துசாமி அண்ணனிடம் ஏதோ சொன்னாய். அவரும் தலையாட்டினார்.

பிறகு தந்தி வந்தது. அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

உன்னைக் கொண்டுவந்த அன்று லூர்துசாமி அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொன்னார். "மெட்ராஸ் பக்கம் பழைய ஏரோட்ரோம், பிளேன் எறங்குன ரோடு. மூணாவது சுத்து. நேரா போற எடம். மூணுலேர்ந்து நாலு போடணும். பின் சக்கரம் ரெண்டும் கிறீச்சுன்னு நின்னுச்சு, வண்டி சுத்திப் போச்சு." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான்குக்குப் பதில் இரண்டு விழுந்திருக்கிறது, அதுதான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது என்று எனக்கு மட்டும் புரிந்தது. "கம்பி கழண்டுருக்குடா, நீ பூட்டின கம்பி!" என்று அப்பா கத்தினார். "கழலலைங்க" என்று லூர்துசாமி அண்ணன் ஒரே ஒரு தடவை சொன்னார்.

காரியம் முடிந்து, நேற்று அப்பா மில்லுக்குப் போயிருந்தபோது நான் ஷெட்டுக்குப் போனேன். தார்ப்பாயைத் தூக்கினேன். காரின் மூக்கு நசுங்கியிருக்கிறது. கியர் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பால், பின்னால் தள்ளி நிற்கிறது. இரண்டு. நான் அதை நடுவுக்குக் கொண்டுவந்து நான்கில் போட்டுப் பார்த்தேன். 'டக்'கென்று விழுந்தது. கொஞ்சம்கூட ஆட்டம் இல்லை. மறுபடி இரண்டிலேயே போட்டுவிட்டு மூடினேன்.

வெளியே வந்தால் கேட் பக்கம் லூர்துசாமி அண்ணன். ஸ்பானர் பெட்டியைக் கேட்க வந்து, கூப்பிடத் தயங்கி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டி ரெண்டுல நிக்குது" என்றேன்.

"பாத்தேன் பாப்பா. அங்கயே பாத்துட்டேன்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போன புள்ள கை மேலதான் தப்புன்னு பெத்தவர்கிட்ட எப்படிம்மா சொல்றது? எனக்கு வாய் வரல." மணியை விட்டுவிட்டு, "ஆயிரம் முடிச்சுட்டேண்ணேன்னு தம்பி சொன்னாரு. அந்த நம்பிக்கையிலதான் நான் லாரியில ஏத்துனேன்" என்றார்.

என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனோ என்னவோ. பெட்டியை எடுத்துக்கொடுத்தேன். போய்விட்டார்.

போன ஞாயிறு ராத்திரியே அந்தக் கோடுகளை எண்ணிவிட்டேன். உண்மையான கோடுகள் எவை என்று பார்த்தாலே தெரிகிறது. நீ கியர் போடும்போதெல்லாம் கார் குலுங்கும், என் கையும் ஆடும். அந்தக் கோடுகள் கோணலாக, இழுத்துக்கொண்டு இருக்கின்றன. பொய்க் கோடுகள் எல்லாம் நேராக, அழகாக இருக்கின்றன. கோணல் கோடுகள் நானூற்றுப் பன்னிரண்டு. அப்பாவுக்கும் இது புரியும். மில்லில் மூட்டைக்குப் பொய்க் கோடு போடுகிறவனை அவர் இப்படித்தான் பிடிப்பார்.

அவர் என்னை அடித்தால் பரவாயில்லை. அடிக்காமல், சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வேன் என்றுதான் பயமாக இருக்கிறது. அம்மா இனி என் பக்கத்தில் படுப்பாளா?

மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஸ்கூலுக்குப் போய்வருகிறேன். நடக்கும்போது என் இடது கை தானாக மாற்றுகிறது. மூணு. அப்பால் தள்ளாதே, நேரே இழு. நாலு. யாரும் பார்க்காமல் தாவணித் தலைப்புக்குள் வைத்து மாற்றுகிறேன், மனசுக்குள் எண்ணுகிறேன். ஆயிரத்துக்குப் பாக்கி இருந்தது ஐநூற்று எண்பத்தெட்டு. நேற்றுச் சாயங்காலம் நம் வீட்டு கேட் அருகில் வரும்போது முடிந்தது. அதற்கப்புறமும் கை நிற்கவில்லை.

அப்பா அறையில் விளக்கு எரிகிறது. தொண்டையைச் செருமுகிறார், செருப்பைத் தேடுகிறார். புகாரை எடுக்க அவர் மேஜைக்கு வருவதற்குள் இந்த நோட்டு அதன்மேல் இருக்க வேண்டும். கோடுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தே வைக்கப்போகிறேன். நானும் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.