வெல்டரை ஏன் வெளியே எடுத்தீங்க?

என் வீட்டுக்காரியான நீதிபதி அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

கவலைப்பட ஒன்றுமில்லை, சின்ன விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதிப் போட்டியில் எங்கள் ஆலை அணி ஒரே கோலில் தோற்றது. பயிற்சியாளர் எங்கள் மேனேஜர்தான். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, நன்றாக ஆடிய வெல்டரை வெளியே அழைத்துத் தன் மைத்துனரை இறக்கினார். அந்த மைத்துனர் காலிலிருந்து பந்தைப் பறித்துத்தான் எதிரணி கோல் போட்டது.

மறுநாள் கேன்டீனில் எல்லோரும் மேனேஜரைக் கரித்துக்கொட்டினார்கள். அவர் உள்ளே வந்ததும் எல்லாத் தலைகளும் தட்டை நோக்கிக் குனிந்தன. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், வெல்டரை ஏன் வெளியே எடுத்தீங்க?"

"பெரியவரே, பந்தை உதைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார். உங்க மச்சானுக்கும் தெரியலையே."

கேன்டீனே சிரித்தது. மன்னிப்புக் கேட்டால்தான் இந்த மாதம் முடியும் என் வேலை ஒப்பந்தத்தை மேனேஜர் நீட்டிப்பாராம். அவர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். சொன்னதில் பிழை உண்டா என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். இனியும் தட்டமாட்டேன்.

இத்தனை நாள் தனியாகச் சாப்பிட்ட என் மேசையில் இப்போது உட்கார இடமில்லை.

உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம். இல்லை, பொறு. நானே வந்தாலும் வருவேன்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

கொடுக்கு முளைத்த
உன் பிள்ளைப்பூச்சி