விரும்பிக் கேட்பவர்கள்

பல்கனிக் கதிரையை விட்டு இன்னும் எழும்பாத என் அப்பாவுக்கு,

உங்கள் கதிரையை நான் நகர்த்தவில்லை. உப்புக்காற்றில் அதன் கைப்பிடி வெளிறிவிட்டது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி இப்போதும் அதிர்கிறது. தம்பி கனடாவிலிருந்து வந்து போனான். தலை நரைத்து, பக்கவாட்டில் பார்த்தால் நீங்களேதான். கீழ்வீட்டு ஃபரீதா அக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான்.

அந்தக் குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில்தான் இந்தக் கடிதம் தொடங்கியது. அதற்கு முன் கொரோனா ஊரடங்குக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஞாபகமிருக்குமா? இவ்வளவு காலமும் அதை என் நல்ல நாட்களில் ஒன்றாக வைத்திருந்தேன்.

புறக்கோட்டை இரும்புக்கடையில் நாள் முழுக்க ஆணி, பிணைச்சல் என்று கூப்பிட்டுக் களைத்த குரல் உங்களுடையது. வீட்டுக்கு வந்து றேடியோவில் போடும் பாட்டுக் கசற்றைக் கையில் எடுத்ததும் அது வேறு குரலாகிவிடும். வானொலி அறிவிப்பாளரைப்போல் தொண்டையைச் செருமி, பாட்டுக்கு முன்னால் நேயர்களின் பெயர்களை வாசிப்பீர்கள். "இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்: வெள்ளவத்தையிலிருந்து கௌரி, தம்பி. கீழ்வீட்டிலிருந்து ஃபரீதாவும் குடும்பத்தினரும். சமையலறையிலிருந்து திருமதி இராசம்மா." நாங்கள் யாரும் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம். கடையை விட்டு வீட்டோடு இருந்தபோதும் வாசிப்பு நிற்கவில்லை. அம்மா போன பிறகும் அவரின் பெயரை நீங்கள் விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இல்லாதவைக்கும் விருப்பம் இருக்கும்தானே பிள்ளை" என்றீர்கள்.

ஊரடங்கு வந்தது. என் அலுவலகம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் பொறுமை இழந்தேன்.

"அப்பா, நான் மீற்றிங்கில இருக்கிறன். சத்தத்தைக் குறையுங்கோ."

"குறைச்சிட்டன், பிள்ளை."

"இன்னும் கேக்குது. ஆர் அங்க றேடியோ நடத்துறதெண்டு ஒஃபிஸ்காரர் சிரிக்கினம்."

"அவையின்ர பேரையும் கேட்டு வா. சேர்த்துவிடுவம்."

நான் சிரிக்கவில்லை. பின்னேரம் என் பழைய ஹெட்செற்றை உங்கள் மடியில் வைத்தேன். "இதைக் குத்திப்போட்டு எவ்வளவு சத்தமா எண்டாலும் கேளுங்கோ" என்றேன். அது வேலைசெய்கிறதா என்று நின்று பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வீடு அமைதியானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் வாகனம் இரையும் காலி வீதியில் ஒரு பஸ் இல்லை, ரயில் இல்லை. இத்தனை வருடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அன்றுதான் அலையைத் தெளிவாகக் கேட்டேன். வாங்கி வைத்துத் திறக்காமலிருந்த தடித்த நாவலை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன். நீங்கள் பல்கனிக் கதிரையில், காதில் ஹெட்செற், கண் மூடியபடி இருந்தீர்கள். விரல் கைப்பிடியில் தாளம் போட்டது, உதடு அசைந்தது. எனக்குப் புத்தகம், உங்களுக்குப் பாட்டு, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்கிறம்" என்று கீழே எழுதினேன்.

மத்தியானம் ஒருமுறை கூப்பிட்டீர்கள். "பிள்ளை, ஒருக்கா இஞ்ச வாவன்."

"இந்த அத்தியாயம் முடியட்டும் அப்பா."

"ஓம் ஓம். நீ படி."

அத்தியாயம் முடிந்து அடுத்ததும் முடிந்தது. நான் வரவில்லை. நீங்களும் பிறகு கூப்பிடவில்லை. என்ன சொல்லக் கூப்பிட்டீர்கள், அப்பா?

போன கிழமை ஃபரீதா அக்கா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உங்களைப் பற்றிக் கதைத்தார். "அங்கிள் இருந்தா இவன்ட பேரையும் வாசிச்சிருப்பார். கொரோனா டைம்ல ஒரு நாள் கீழேந்து கேட்டேன், ஏன் அங்கிள் இப்ப பாட்டே இல்லண்டு. வாய்ல வெரல வெச்சி உள்ளுக்குக் கைய காட்டினார். 'மகள் வாசிக்கிறா'ண்டார்."

"அவர் ஹெட்செற்றில கேட்டவர், அக்கா."

"அப்டியா? பாட்டு இல்லாம இருக்கிறது கஷ்டந்தாண்டு சொன்னாரே. பொறகு நீங்க ஒஃபிஸ் போகத் தொடங்கினதும் பகல்ல திரும்பப் பாட்டு வந்திச்சி. மொதப் பேரு எப்பவும் உங்கட பேருதான்."

எனக்கு அது தெரியாது. நான் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது உங்கள் காதில் ஹெட்செற் இருக்கும். வீடு அமைதியாக இருக்கும். அடுத்த வருடம் நீங்கள் போகும்வரை அப்படித்தான் இருந்தது.

மேலே வந்து அலுமாரியிலிருந்து உங்கள் றேடியோவை இறக்கினேன். ஹெட்செற்றைக் குத்தி, கசற்றைப் போட்டு அழுத்தினேன். பாட்டு என் காதுக்கு வரவில்லை. றேடியோவின் வாயிலிருந்து வந்து வீடு முழுக்க நிறைந்தது. கழற்றித் திரும்பக் குத்தினேன். அதேதான். ஹெட்செற்றில் பிழையில்லை, என் போனில் நன்றாகக் கேட்டது. றேடியோவில் அதைக் குத்தும் துளைதான் வேலைசெய்யவில்லை. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எனக்கு அமைதி தர உங்களுக்கு ஒரே வழிதான் இருந்திருக்கிறது. பாட்டைப் போடாமல் இருப்பது.

தம்பிக்கு அனுப்பிய படம் இன்னும் போனில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். கசற் போடும் மூடி திறந்து கிடக்கிறது. கசற் உங்கள் மடியில் இருக்கிறது.

நீங்கள் பாட்டோடு சேர்ந்து பாடுவதாக நினைத்தேனே, அப்போது அந்த உதடு என்ன சொல்லிக்கொண்டிருந்தது? பெயர்களை வாசித்தீர்களா? என் பெயரையும் வாசித்தீர்களா? துளை பழுது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நான் திரும்பவும் எரிந்து விழுவேன் என்று நினைத்தீர்களா? அப்படி நினைக்கும்படிதானே நான் இருந்தேன். அன்று படித்த நாவலின் கதை எனக்கு இப்போது பாதிகூட ஞாபகமில்லை.

அந்த நாளை இனி நல்ல நாட்களோடு வைக்க முடியவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. நீங்கள் எனக்கென்று செய்து தந்த நாள் அது.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஞாயிறு காலைகளில் பல்கனிக் கதவைத் திறந்துவைத்து உங்கள் கசற்றுகளில் ஒன்றைப் போடுவேன். பெயர்களை வாசித்துவிட்டுத்தான் பாட்டு. எனக்கு உங்கள் குரல் இல்லை, கூச்சமாகவும் இருக்கும். ஆனாலும் வாசிப்பேன். கீழ்வீட்டிலிருந்து ஃபரீதா அக்கா, அவரின் பேரன். கனடாவிலிருந்து தம்பி. சமையலறையிலிருந்து அம்மா. பல்கனியிலிருந்து நீங்கள்.

அந்த ஹெட்செற்றைக் கழற்றிவிடுங்கள், அப்பா. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பட்டியலில் முதல் பெயராக இருந்தும் கேட்காமல் போன
உங்கள் மகள்,
கௌரி