வெளுத்த நூலில் தைத்த பட்டைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே சௌக்கியம், நீ அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் கை அது பாட்டுக்கு எழுதிவிடும், இன்றைக்கு மனசார எழுதுகிறேன் அம்மா. இதைப் படித்ததும் மலையேறும்போது உன் பாரம் தாங்க என்று பையில் வைத்திருக்கிறாயே, அந்த நீலப் பட்டை எதையும் பாறையில் கட்டாதே. உன் போன் கிடைக்கவில்லை. உன் மலையேற்ற முகாம் அலுவலகத்துக்குப் போட்டேன், எடுத்தவர் சொல்லிடறேன் சார் என்றார், சொல்லுகிற குரலாகத் தெரியவில்லை. அடுத்த வாரம்தான் மலைக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாய், அந்த நம்பிக்கையில் கூரியரில் அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். லீவு முடிந்து நீ கிளம்புகிற அன்று காலை, கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கில் உன் பழைய நீலப் பட்டைகளைப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்திருந்ததே தவிர நல்ல நைலான், ஆனால் எல்லாம் வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஏதோ கயிறு வெட்டும்போது கை தவறிவிட்டது, அப்பா திட்டுவார் என்று ஒளித்து வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். எல்லாமா கை தவறும் என்று யோசிக்கிற புத்தி அப்போது எங்கே போனதோ. பட்டறைக்கு எடுத்துப்போய், லாரித் தார்ப்பாய் தைக்கிற மெஷினில் போட்டு, நுனியை மடித்துத் திரும்ப வளையமாகத் தைத்தேன். புது நூல் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும் என்று ஜன்னலோரம் கிடந்து வெளுத்த நூல்கண்டைத் தேடி எடுத்தேன். ஒட்டுப் போட்டது கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதுதானே இத்தனை வருஷமாக என் பெருமை. பிறகு உன் பையில் நல்ல பட்டைகளோடு கலந்து வைத்தேன். அங்கே போய்ப் பார்த்துச் சிரிப்பாய் என்று ஆசை.

நேற்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஐயோ, அது வெயில்ல வலு போன பட்டை, தெரியாம யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னுதான் அவளே வெட்டிப் போட்டா, என்றாள். உடனே பட்டறைக்கு ஓடினேன். சாக்கில் மிச்சம் கிடந்த ஒரு துண்டை அதேபோல் தைத்து, பட்டறை உத்தரத்தில் மாட்டி, பாரம் தூக்கும் சங்கிலியால் கீழே இழுத்துப் பார்த்தோம். என் தையல் அப்படியே நின்றது அம்மா. அதற்குப் பக்கத்தில் பட்டைதான் காகிதம் மாதிரி கிழிந்தது. கூட இழுத்த பட்டறை மெஷின்காரர் டீ வாங்கப் போய்விட்டார்.

லீவில் ஒருநாள் நீ கூடத்தில் உன் பட்டைகளையும் கயிறுகளையும் பரப்பி உட்கார்ந்து தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய், நைலான் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், விழுந்தால் அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்ளும், அந்த மெல்லிய வெள்ளைப் பட்டை லேசு ஆனால் இழுபடாது, வழுக்கும், அதில் முடிச்சை நம்ப முடியாது, முடிச்சுப் போட வேண்டிய இடத்துக்கு உருண்டைக் கயிறு, எதுவானாலும் வெளுத்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று. நானும் பக்கத்தில்தான் இருந்தேன், தலையைத் தலையை ஆட்டினேன், கண்ணெல்லாம் பட்டையின் தையலில் இருந்தது. காதைக் கொடுத்திருந்தால் போதும். நீ மலைக்குப் போவது எனக்குப் பிடிக்காததால் அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. கேட்காமலே உனக்கு ஏதாவது செய்துவிட வேண்டும், அங்கே உன் கூட என் கை வேலை ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது இப்படியா போய் முடிய வேண்டும். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அவ எதையும் பார்க்காம கட்ட மாட்டா என்று உன் அம்மா எனக்குத் தைரியம் சொல்கிறாள். ஆனால் பார்த்தால் தெரியாதபடி தைத்தவன் நான். அதனால் கண்ணை நம்பாதே, கட்டைவிரலால் தடவிப் பார், மடித்த இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டும். சந்தேகம் என்றால் நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போடு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யாமலே செய்ததாகச் சொல்கிறாள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, உன் அறையை அவன் பிடித்துக்கொண்டான், நீ வந்தால் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அடுத்த தடவை வரும்போது எதை எதற்காகக் கட்டுகிறாய் என்று எனக்கும் சொல்லிக் கொடு, இந்தத் தடவை கேட்பேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அந்தப் பட்டைகளைக் கண்டுபிடித்ததும் பாதியாக வெட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. உன் அப்பனாலும் திரும்பத் தைக்க முடியாத அளவுக்குப் பொடியாக வெட்டு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா