கருப்புப் பாவில் மிஞ்சிய இழை

மார்ச் 3, 2025

தணிகாசலம் வீட்டுப் பட்டுத் தறியில் கருப்புப் பாவு பிணைத்து முடித்தேன். தறியில் நீளவாக்கில் நிற்கும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழை. கடைசியில் புதுப் பாவில் ஒன்று மிஞ்சியது. கூடுதலாகச் சுற்றிவிட்டார்கள் போல என்று கத்தரித்துவிட்டு வந்தேன்.

குளித்துத் தலை வாரினால் சீப்பு நிறைய முடி. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படியா கொட்டும்?

மார்ச் 5

போர் தண்ணீர்தான் காரணம். உப்பு.

மார்ச் 6

இல்லை, சங்கீதா வாங்கி வந்த ஷாம்பு. "நானும் அதையேதான்மா போடறேன். எனக்குக் கொட்டலையே" என்கிறாள் மகராசி. இருபத்தாறு வயதில் எது கொட்டும்? வாய்தான் நீளும்.

மார்ச் 8

தணிகாசலம் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விரலிடுக்கில் எதையோ பிடித்திருந்தான்.

"சேலையில கோடு விழுந்துக்கினே இருக்குதுக்கா. என்னடான்னு தேடிப் பாத்தா, ஒரு இடத்துல இழையே இல்ல. பழைய இழையோட இத சேத்து முறுக்கி வெச்சிருக்க."

முடி. என் முடி. பாவில் விழுந்ததைப் பட்டு இழை என்று நினைத்துப் பிணைத்திருக்கிறேன். மிஞ்சிய இழை ஏன் மிஞ்சியது என்று இப்போதுதானே தெரிகிறது! முப்பது வருஷமாக இந்தக் கையில் ஒரு பிணைப்பு அறுந்ததில்லை. பாவு பிணைக்கப் போனதற்கு முந்தின நாள்தான் டை அடித்தேன். நரையாக விட்டிருந்தால் கருப்புப் பாவில் கண்ணில் பட்டிருக்குமே, பாவி!

"அடுத்த பாவுக்கு முசரவாக்கத்துல ஒருத்தங்கள வரச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதக்கா."

எப்படி எடுத்துக்கொள்வதாம்?

மார்ச் 10

யாரும் கூப்பிடவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. துண்டு நூலை எடுத்து முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் தறியிலிருந்தே சொன்னார்: "தலையில துணி கட்டிக்கினு போயேன்மா." வள்ளென்று விழுந்தேன். துணி கட்டினால் அம்மா ஞாபகம் வரும். சங்கீதா பிறந்தபோது நான் பிழைக்க வேண்டும் என்று திருத்தணிக்கு வேண்டிக்கொண்டாளாம். அதிலிருந்து சாகும்வரை வருஷா வருஷம் மொட்டை, தலையில் வெள்ளைத் துணி. எனக்காகத்தான் முடியை இழந்தாள் என்று இன்னும் உறுத்துகிறது. எனக்குக் கொட்டும் காரணத்தைக் கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் திரும்பக் கூப்பிடுவார்கள்.

மார்ச் 12

தோல் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டா? வேறு ஏதாவதா?

மார்ச் 15

எல்லாம் சரியாக இருக்கிறதாம். சந்தோஷப்படாமல் கோபம் வந்தது. பிறகு ஏன் கொட்டுகிறது?

"மாதவிலக்கு நின்னு மூணு வருஷம்னு சொன்னீங்கல்ல. ஹார்மோன் குறையும்போது முடியோட வேர் சுருங்கும்மா. புதுசா வர்றது மெலிசா வரும், சீக்கிரம் உதிரும். மருந்து தரேன், கொஞ்சம் தாங்கும். பழையபடி ஆகாது." பிறகு கேட்டார்: "அம்மாவுக்கு எப்படி?"

"அவங்க மொட்டை, டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

தெரியவில்லை. எப்போதும் முந்தானையை இழுத்துப் போட்டிருப்பாள்; பெற்ற தாயின் தலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை!

மார்ச் 16

ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை போனேன். காமாட்சியம்மாள் சித்தியைக் கேட்டேன். அம்மாவின் தங்கை, அவளை விட்டால் கேட்க ஆளில்லை.

"வேண்டுதலா? போடி. உச்சியில ஒண்ணுமே இல்லாம போச்சு உங்கம்மாவுக்கு. அவளும் பாவு பிணைச்சவதானே? பாவுல முடி விழுதுன்னு ஒரு வீட்ல மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லிட்டாங்க. வெளிய சொல்ல வெக்கம். சாமி பேரச் சொன்னா எவன் கேப்பான்?"

வரும் வழியெல்லாம் அழுதேன். இருபத்தாறு வருஷம் உறுத்தியதற்குக் கோபம். அவள் தனியாக வெட்கப்பட்டதற்கு அழுகை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா!

மார்ச் 17

சங்கீதாவை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். என் வகிட்டைக் காட்டினேன். அவள் ஆயா, என் அம்மா, மொட்டை அடித்த காரணத்தையும் சொன்னேன்.

"எனக்கும் வருமாம்மா?"

"வரலாம். வந்தா ஷாம்பு மேல பழி போடாத."

சிரித்தாள். பிறகு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

மார்ச் 23

டை டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 20

யாரும் கூப்பிடவில்லை. மருந்து போடுகிறேன்.

செப்டம்பர் 8

தணிகாசலம் ஆள் அனுப்பினான். முசரவாக்கத்து அம்மாவுக்குக் காய்ச்சலாம். மறுபடியும் கருப்புப் பாவு. வெள்ளைத் துணியைச் சங்கீதாதான் இறுக்கிக் கட்டிவிட்டாள். வாசலில் தணிகாசலம் என் தலையைப் பார்த்தான். "கொட்டுதுப்பா, வயசாயிடுச்சு" என்றேன். அவன்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

துணியை மீறி ஒன்று விழத்தான் விழுந்தது. நுனி கருப்பு, வேர்ப்பக்கம் மூன்று விரற்கடை வெள்ளை. உடனே தெரிந்தது. எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த இழையைப் பிடித்தேன்.

முடித்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை.