பெருங்காயத்தில் வண்டு

புது தில்லி
11-8-1983

அன்பு மகன் மாசிலாமணிக்கு அம்மா வேலம்மாள் சொல்ல, தங்கச்சி அருக்காணி எழுதுவது. நேற்றுக் காலை ரசத்துக்குப் பெருங்காயத் தூள் எடுக்கும்போது டப்பாவுக்குள் ஒரு சின்ன வண்டு ஊர்ந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். அம்மாவும் நானும் சுகம், மஸ்கட் வெயிலில் தலையில் துண்டு கட்டாமல் கட்டிடச் சாரத்தில் ஏறாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். அவ்வளவு சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள், மீதியை நானே எழுதுகிறேன் அண்ணா.

நம் சின்னத் தங்கச்சி பவுனுவுக்குக் கோதுமைதான் ஆகவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி கல்யாணராமன் டாக்டர் போன வருஷம் கண்டுபிடித்ததை எழுதியிருந்தேன். அவர் குடலின் உள்தோலை ஆராய்ச்சி செய்கிறவர். மெல்லிய குழாயின் நுனியில் சின்னக் குமிழ் ஒன்றைக் கட்டி விழுங்க வைத்து, கடுகளவு தோலைக் கிள்ளி எடுப்பார். அதைக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்து, கோதுமைச் சத்தைச் சொட்டு விட்டுப் பார்ப்பார். உடம்புக்குள்ளேயே காவல்காரர்கள் இருக்கிறார்களாம். கோதுமையைத் திருடன் என்று நினைத்து ஒருவன் விசில் அடிக்க, கேட்டவன் எல்லாம் தடியோடு ஓடி வந்து சொந்த வீட்டுச் சுவரையே இடிக்கிறானாம். முதல் விசில் யாருடையது என்றுதான் தேடுகிறேன் என்று அவரே எனக்குச் சொன்னார். அன்றைக்கு அவரை நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

ஒரு வருஷமாக நம் அடுப்பில் சப்பாத்திக் கல் ஏறவில்லை. பவுனுவுக்கு மூன்று வேளையும் ரசம் சோறுதான். திங்கட்கிழமை மறுபடி தோல் எடுத்துப் பார்த்துவிட்டு, இடிந்த குடல் சுவர் வளரவே இல்லை என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "சச் சொல்லு, உண்மையைச் சொல்லு, பாப்பா அழுதா ஒரு ரொட்டி குடுத்துடறே, இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அம்மா, "இல்லீங்க சாமி, எம் புள்ளைங்க மேல ஆணையா இல்லீங்க" என்றாள். "அச்சா, எல்லா அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை கொண்டாந்து ரெண்டு மாசம் வார்டுல விட்டுடுங்க, வீட்டை நம்ப முடியாது" என்று முடித்துவிட்டார். வார்டில் நம்மைத் தங்க விடமாட்டார்கள் அண்ணா, ஐந்து வயசுக் குழந்தை எப்படித் தனியாகக் கிடக்கும்? அம்மா வேலை செய்யும் கிட்வாய் நகர் வீட்டு ராஜம் மாமியும், "ஆறாங்கிளாஸோட நின்னவளுக்குப் பத்தியம்னா என்னடி தெரியும்" என்கிறாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இவளைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று அந்த மாமிக்குத் தெரியாதா?

அந்த மாமி கொடுத்த டப்பாதான் இது. இந்த வண்டு மாவில் வருகிற வண்டு. பெருங்காயத்தில் இதற்கு என்ன வேலை என்று லாலாவின் மளிகைக் கடையில் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அரே பேட்டா, அசல் ஹிங்கை யார் அப்படியே போடுவா? மைதா கலந்துதான் டப்பாவுல வருது, எல்லாருக்கும் தெரியுமே" என்றார். மைதாவும் கோதுமைதானே அண்ணா. எல்லாருக்கும் தெரிந்தது டாக்டருக்கு ஏன் தெரியவில்லை? ரொட்டி, ரவை, பிஸ்கட் என்று தாள் நிறைய எழுதிக் கொடுத்தவர், ரசத்தில் என்ன போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அவரும் ரசம் சாப்பிடுகிறவர்தானே! வயிறு உப்பினபோதெல்லாம் வாயுவுக்கு நல்லது என்று மோரில் இன்னும் ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுத்தோமே! நாங்கள் தெரியாமல் கொடுத்தோம். அவர் விசாரிக்காமலே பழி போட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணு, நீ நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், திரும்பி வரும்போது பவுனு ஓடி வந்து உன் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். தலைத் துண்டை மறக்காதே என்று மறுபடியும் சொல்கிறாள்.

இப்படிக்கு உன் நலம் நாடும் அம்மா
வேலம்மாள், கைநாட்டு
எழுதியது அருக்காணி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். காலையில் பவுனுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து, வண்டோடு அந்த நோட்டின் மேல் கவிழ்த்தேன். பவுனுவை வார்டில் விடாமல் இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.